ஜைதூன் பீ எடுத்த ஒரே படம்

தி.நகர் ரங்கநாதன் தெருவில், நல்லசிவத்தின் பாத்திரக்கடைப் படிக்குப் பக்கத்தில், பதினெட்டு வருஷமாக ஹேர்கிளிப்பும் சேஃப்டி பின்னும் விற்பவர் ஜைதூன் பீ. ஐம்பத்து மூன்று வயது. ஐஸ்ஹவுஸ் பக்கம் வீடு. கணவர் தையல்காரர், மகளை ஆம்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. கையில் இருப்பது பட்டன் போன். அதிலும் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தவிர மற்றவற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆயுளில் அவர் எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்று.

அன்றைக்குப் பாத்திரக்கடையின் இருபதாவது ஆண்டு நாள். நல்லசிவம், அவர் மனைவி சண்முகவடிவு, வேலையாட்கள் பதினோரு பேர் என்று எல்லோரும் வாசலில் வரிசையாக நின்ற பிறகுதான், படம் எடுக்க ஆள் மிச்சமில்லை என்பது தெரிந்தது. நல்லசிவம் தன் போனை ஜைதூன் பீயிடம் நீட்டினார்.

"பாயம்மா, இந்த வெள்ளை வட்டத்தத் தொட்டாப் போதும்."

படம் எடுப்பது பற்றி ஜைதூன் பீக்கு இருந்த அனுபவம் அதற்கு முந்தின மாதம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டது மட்டும்தான். போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கே கேட்ட அதே அதட்டலில் கத்தினார்: "மூச்ச நல்லா இழு! புடி! உடாத!"

பதின்மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். நல்லசிவத்தின் கன்னம் இரண்டும் உப்பின. சண்முகவடிவுதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சரியாக அந்த நொடியில் ஜைதூன் பீ வட்டத்தைத் தொட்டுவிட்டார்.

அப்படியொரு சிரிப்புப் படம் அமைவது அபூர்வம். இடது மூலையில் மட்டும் ஏதோ செம்பழுப்பாக, உருண்டையாக, கால்வாசி தெரிந்தது. அது ஜைதூன் பீயின் கட்டைவிரல்.

இரண்டு வருஷம் அந்தப் படம் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தது. வேளச்சேரியில் கிளை திறக்க முடிவானதும், அதையே துணிப்பையிலும் பேனரிலும் பஸ்ஸின் பின்பக்கத்திலும் போடலாம் என்றார் நல்லசிவம். விளம்பரக்காரர்கள், எடுத்தவரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். விஷயம் மயிலாப்பூர் வக்கீல் கீர்த்தியிடம் போனது. அவருக்குச் சின்ன வயதுதான், ஆனால் சட்டத்தில் ஒரு அரைப்புள்ளியைக்கூட விடமாட்டார்.

"என் கடை, என் பொண்டாட்டி, என் போனு, என் மூஞ்சி" என்றார் நல்லசிவம். "இதுல அந்தம்மாவோடது என்ன இருக்கு?"

"படம் அவங்களோடது சார். யார் எடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் பதிப்புரிமை. நீங்க ஏதாவது குடுத்து, அதுக்காக அவங்க எடுத்திருந்தா கதை வேற. குடுத்தீங்களா?"

நல்லசிவம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "டீ வாங்கிக் குடுத்தேன்!"

"எடுக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா? எடுத்தா டீ தர்றேன்னு முன்னாலேயே பேசினீங்களா?"

இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் ஒரு டீயைப் பற்றி இத்தனை கேள்வியை நல்லசிவம் சந்தித்ததில்லை. ஜைதூன் பீயை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

"டீ வந்துது" என்று ஜைதூன் பீ ஒப்புக்கொண்டார். "வாயில வெக்க முடில. சக்கர ஜாஸ்தி. டீக்கடைக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

கீர்த்தி பேனாவை மூடினார். "டீயை வாங்கிக்கவே இல்ல சார். முடிஞ்சுது."

பிறகு ஜைதூன் பீ பக்கம் திரும்பி, அந்தப் படத்தின் உரிமை அவர் ஆயுள் முழுக்க அவருக்கும், அதற்குப் பின் இன்னும் அறுபது வருஷம் வாரிசுகளுக்கும் உண்டு என்று விளக்கினார். ஜைதூன் பீ இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"நான் குந்திக்கினு கீற எடம் சாயங்காலம் வரிக்கும் என்துன்னு சொல்ல ஆளில்ல. இது நான் செத்தப்புறமும் என்துங்கிறியா?"

"ஆமாம்மா."

"அப்ப நிதானமா பேசலாம்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பேச்சு மூன்று நாள் நடந்தது. அஞ்சு லிட்டர் குக்கர் ஒன்று. மழை வந்தால் கடைப்படியில் ஒதுங்கிக்கொள்ள இடம். இரண்டுக்கும் நல்லசிவம் உடனே தலையாட்டினார். பையில் போடலாம், பேனரில் போடலாம், பஸ்ஸின் பின்னால் மட்டும் கூடாது என்றார் ஜைதூன் பீ.

"ஏன், அதுல என்ன?"

"பொக அடிக்கும்."

கீர்த்தி அதையும் எழுதிக்கொண்டார்: "புகை காரணமாக, பேருந்து நீங்கலாக." ஐந்து வருஷத்துக்கு அனுமதி, இந்தியாவுக்குள் மட்டும், படத்தின் கீழே எடுத்தவர் பெயர். எல்லாம் முடிந்து கையெழுத்துக்குப் போகும்போது விளம்பரக்காரர்கள் அனுப்பிய மாதிரிப் பையை நல்லசிவம் காட்டினார். கட்டைவிரலைக் காணோம்.

"இன்னா மொதலாளி, என் வெரலு எங்க?"

"அது தெரியாம விழுந்ததுல்லா? வெட்டியாச்சு."

"வெரலு இல்லாம நான் எப்டி எடுத்திருப்பேன்? வெட்டுனா எனக்கு அசிங்கமா இல்ல?"

நல்லசிவம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சார், படத்தைச் சிதைச்சு எடுத்தவரோட பேரைக் கெடுத்தா வழக்கு போடலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. விரலும் அதுல சேருமான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. முதல் ஆளா நீங்க கேக்கணுமா?"

நல்லசிவம் முதல் ஆளாக இருக்க விரும்பவில்லை. ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்தாகக் கட்டைவிரல் சேர்ந்தது.

வேளச்சேரிக் கிளை திறந்தது. பையின் மூலையில் இருப்பது கத்திரிக்காய் என்று சிலரும், கடையின் புது முத்திரை என்று சிலரும் சொன்னார்கள். அச்சுப் பிசகி விரல் விழாமல் போன நூறு பைகளை, போலி என்று வாடிக்கையாளர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். கீழே "படம்: ஜைதூன் பீ" என்று பொடி எழுத்தில் இருந்ததை மெனக்கெட்டுப் படித்த ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்குப் படமெடுக்க வர முடியுமா என்று கடைக்கே போன் செய்தார். ஜைதூன் பீ, தேதி ஒத்துவராது என்று சொல்லச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து, தெருவோர வியாபாரிகளுக்கு அடையாள அட்டை கொடுக்க மாநகராட்சி ஆட்கள் கணக்கெடுக்க வந்தார்கள். ஒருவர் அட்டவணையும் கையுமாகக் குனிந்து, "என்ன தொழில்மா?" என்று கேட்டார்.

"போட்டோ எடுக்கிறது."

அவர் கிளிப் அட்டைகளைப் பார்த்தார், பின்களைப் பார்த்தார். "இதெல்லாம்?"

"சைடுல இதுவும் கீது."

ஜைதூன் பீ மடித்து வைத்திருந்த ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். முத்திரைத்தாள், இரண்டு கையெழுத்து, வக்கீல் ரப்பர் ஸ்டாம்ப். கணக்கெடுக்க வந்தவர் பஸ் ஷரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, தொழில் என்ற கட்டத்தில் "புகைப்படம்" என்று நிரப்பினார். அடுத்த கட்டத்தில் கை நின்றது.

"கேமரா எங்கம்மா?"

"இனிமே அது எதுக்கு? அதான் எடுத்தாச்சே" என்றார் ஜைதூன் பீ.