வாய்க்கால் முனையில் திரும்ப மறுத்த கல்யாணக் கார்

1961-ஆம் வருஷம் என்று நினைவு. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு கார் ஷெட்டில் நான் மெக்கானிக்காக இருந்தேன். கைவேலையில் சுமார், வாய்வேலையில் ஊரிலேயே முதல். ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிட, எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்த நேரம்தான் அதிகம். என் முதலாளிக்கே ஒரு பெயர் வைத்திருந்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அந்த நாளில் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் எல்லோரும் கேட்பது ஒரே ஒரு காரைத்தான். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு முசியே (பிரெஞ்சுக்காரன் பழக்கத்தில் பெரிய மனிதரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்), கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த வானநீல அமெரிக்கக் கார். மேல்துணியை மடக்கிவிட்டால் மாப்பிள்ளை தெரு முழுக்கத் தெரிவார். ஸ்டியரிங் இடப்பக்கம். நீளத்தைப் பற்றிச் சொல்வதானால், முன்பக்கம் தெருமுனை திரும்பி மூச்சு விட்ட பிறகுதான் பின்பக்கம் புறப்படும். முசியே காலமான பிறகு, புஸ்ஸி வீதியிலிருந்த அவருடைய மனைவி, ஊருக்கெல்லாம் மதாம், அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடத்தினார்.

அந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. பவர் ஸ்டியரிங். இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன பம்பு இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் அந்தப் பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப நமக்குக் கைகொடுக்கும். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். அப்போது எனக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது.

காரை ஓட்டியவர் வைத்திக்குப்பத்துக்காரர். இளம் வயதில் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர். முசியேயிடம் வேலைக்கு வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, மெதுவா போறப்ப ஸ்டேரிங்கு கல்லு மாதிரி ஆயிடுது. வேகமா போனா பூ மாதிரி இருக்குது. முனை திருப்பறப்ப முன்னால ஏதோ கீச்சுன்னு கத்துது."

"என்னாண்ணே, கல்லுன்றீங்க, பூவுன்றீங்க! பாட்டு எழுதப் போறீங்களா?"

ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"கீழ எண்ணெ சொட்டுது, அதயும் பாரு."

"வெயில் காலம்ணே. இன்ஜினுக்கு மட்டும் வேர்க்காதா?"

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்திய வாரம் ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலில் கார் திரும்பாமல் போய், கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்துவிட்டது. வாசல் வாழை சாய்ந்தால் பெண்வீட்டார் சும்மா இருப்பார்களா? அபசகுனம் என்று பெரிய ரகளை. இனி இந்தக் காரே வேண்டாம் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடுமோ என்று மதாமுக்குப் பயம். கோளாறு காரிலா, ஓட்டுகிறவரிடமா? அதைச் சொல்லும்படி என்னிடம் அனுப்பியிருந்தார். அந்த மனிதரின் வேலை என் வாயில் இருந்தது. இருந்திருந்து என் வாயில்!

நான் பரிசோதனை செய்தேன். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். லேசாகத் திரும்பியது. அந்தரத்தில் தொங்கும் சக்கரம் திரும்பாமல் என்ன செய்யும்! பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு விரட்டு விரட்டினேன். தலைமுடி பறந்தது, கார் பூவாகத் திரும்பியது. மெதுவாகப் போனால்தான் கல்லாகிறது என்று அவர் சொன்னதை ஒருதரம்கூடச் செய்து பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய காரில் மெதுவாகப் போக யாருக்கு மனசு வரும்?

சாயங்காலம் மதாம் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். பக்கத்திலேயே டிரைவர் அண்ணன் நின்றிருந்தார். சுற்றிலும் நம் ரசிகர்கள்.

"மதாம், வண்டி தங்கம். ஒரு நோவும் இல்ல. அண்ணன் கைதான் வாழத்தண்டு ஆயிப்போச்சு. தெனம் ரெண்டு முட்ட குடுங்க, ஸ்டேரிங்கு தானா திரும்பும்!"

மதாம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டிரைவர் மட்டும் தன் வலது கையைப் புரட்டி, உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "அதான் அந்த வாழமரம் சொந்தக்காரன்னு நெனச்சு வந்து கட்டிப் புடிச்சுது" என்று இன்னொன்றும் சேர்த்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் அவர் பெயர் ஊரில் 'வாழத்தண்டு' ஆகிவிட்டது. மறுநாள் அவர் கையிலிருந்த சாவி மதாம் கைக்குப் போய்விட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்கு மதாம் என்னையே கூப்பிட்டனுப்பினார்.

"நீயே ஓட்டிடுப்பா. உனக்குத்தான் வண்டியப் பத்தி எல்லாம் தெரியுமே."

எனக்கு ஒரே குஷி. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டேன். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர். மாப்பிள்ளை யார் என்று குழம்பும் அளவுக்குப் போய் நின்றேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம், இருபக்கமும் தலையில் காஸ் லைட்டு சுமப்பவர்கள், பின்சீட்டில் கோட்டு சூட்டு, மாலையோடு மாப்பிள்ளை. ஊர்வலக் கார் எப்படிப் போகும்? நாதஸ்வரக்காரர் நடக்கிற நடைக்குப் போகும். ஆமை பார்த்தால் அதற்கே அலுப்பு வரும். நேரான தெருவில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இருபக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

நம் ஊர்த் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டிய ஊர். வளைவு, நெளிவு என்று ஒரு தாட்சண்யம் கிடையாது. முனை என்றால் வெட்டிவிட்டது மாதிரி முனை. முதல் முனையே பெரிய வாய்க்கால் முனை. அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நேர் எதிரே வாய்க்கால்.

ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அது திரும்பவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்தேன். அரை அங்குலம் அசைந்து நின்றுவிட்டது. கல் என்று டிரைவர் அண்ணன் சொன்னது தப்பு, அம்மிக்கல். காரின் மூக்கு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டு, சீட்டைவிட்டு எழுந்து நின்று இழுத்தேன். வழக்கம்போல முனையில் நின்று வாசிக்க நாதஸ்வரக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். சீவாளியைச் சரி செய்ய ஒரு நிமிஷம் வாயிலிருந்து எடுத்தார். தவிலும் நின்றது. அந்த அமைதியில், இன்ஜினுக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நீளமாக ஒரு கீச்சு. அவர் சொன்ன அதே கீச்சு.

"என்னாங்க, வாய்க்காலுக்கா போறோம்?" என்றார் மாப்பிள்ளை.

கூட்டத்திலிருந்து ஒரு குரல். என் டீக்கடைச் சிநேகிதன் குரல்தான், எனக்குத் தெரியாதா!

"யோவ், இன்னொரு வாழத்தண்டு! முட்ட சாப்ட்டியா?"

தெரு முழுக்கச் சிரிப்பு. காஸ் லைட்டு சுமந்தவர்கள் சிரித்ததில் வெளிச்சமே ஆடியது. பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்க, ஸ்டியரிங்கோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். மனைவியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கேட்டுக்கொண்டேன். ஒரு சாமிக்கும் காது கேட்கவில்லை.

அவர் நேராக வந்தார். கார்க் கதவுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"கைய கொஞ்சம் தள்ளி வை. நிக்க வெச்சுத் திருப்பாத. பிரேக்க விட்டு லேசா உருட்டு. நான் தள்றேன், நீ இழு."

தள்ளி வைப்பதற்குள் அவர் உள்ளங்கை என் கைமுட்டியின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. என் விரல் எலும்பு ஒன்று சொடுக்கென்றது. அது வாழைத்தண்டு இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்த மரம். அந்தக் கை தள்ளியதும் ஸ்டியரிங் முனகிக்கொண்டே திரும்பியது. கார் வாய்க்காலுக்கு விலாவைக் காட்டியது. கூட்டம் கைதட்டியது. யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

"அண்ணே..." என்றேன்.

"மாப்ளைக்கு நேரம் ஆவுது. பாத்து ஓட்டு."

அதோடு விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. மண்டபம் வரைக்கும் காரின் பக்கத்திலேயே நடந்து வந்தார். முனை வரும்போதெல்லாம் அந்தக் கை உள்ளே நீளும், கார் திரும்பும், கை வெளியே போகும். மண்டப வாசலில் வாழைமரத்தின் ஒரு இலைகூட அசையவில்லை. நான் ஸ்டியரிங்குக்கு அலங்காரமாக உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனதும் டிரைவர் அண்ணனின் மனைவி கிட்டே வந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடையாளம் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"எங்க ஊட்டு ஆளுக்குப் பேரு வெச்சவரு நீங்கதானா?"

வாய்வேலையில் ஊரிலேயே முதல் என்றேனே, அன்று பதிலுக்குத் தலையைத்தான் ஆட்டினேன்.

மறுநாள் விடியற்காலையே காரைத் திறந்தேன். இந்தத் தடவை சக்கரங்கள் தரையில். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒரு ஆளை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பெல்ட் தேய்ந்து தளர்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. திருப்பும்போதெல்லாம் அது பம்பின் சக்கரத்தைச் சுழற்றாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கத்தியது. பம்பின் எண்ணெய் டப்பா மூடியைத் திறந்தேன்; முக்கால்வாசி காலி. ரப்பர் குழாய் இணைப்பில் கசிவு. நான் வேர்வை என்றது அதைத்தான். இன்ஜின் வேகமாக ஓடினால் பம்பு எப்படியோ சமாளித்திருக்கிறது. ஊர்வல நடைக்கு முடியவில்லை. கல்லும் பூவும் என்று அந்த மனிதர் முழு வியாதியையும் என் கையில் கொடுத்திருக்கிறார். நான் அதை வைத்து ஜோக் அடித்திருக்கிறேன்.

அந்தக் காருக்குரிய பெல்ட் நம் ஊரில் ஏது? அரிசி மில் சாமான் கடையில் தேடி, அளவுக்கு ஒத்து வந்த ஒன்றை மாட்டி இறுக்கினேன். கசிந்த குழாயை மாற்றினேன். பஞ்சாலையில் நூல் சுற்றும் கதிருக்கு விடும் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் வாங்கிவந்து ஊற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பித் திருப்பி, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை விடவில்லை. பிறகு நின்ற இடத்திலேயே ஒரு விரலால் திருப்பினேன். திரும்பியது. ஒரு மெக்கானிக்குக் கார் சரியானால் சந்தோஷம் வரும். அன்று வரவில்லை.

மதாமை வரவழைத்துப் பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மோன் தியே, கடவுளே! அப்போ அந்த மனுஷன் சொன்னது நெசமா?"

"நெசம் மதாம். நான்தான் பொய்."

மதாம் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "நீ சிரிக்க வெச்ச. நான் ஏன் சிரிச்சேன்?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. பிறகு அவரே காரில் ஏறி உட்கார்ந்து, வைத்திக்குப்பத்துக்கு ஓட்டச் சொன்னார்.

டிரைவர் அண்ணன் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். சாவி போன நாளிலிருந்து அந்த வேலைதானாம். மதாம் மணலில் இறங்கி நடந்துபோய்ச் சாவியை அவர் கையில் வைத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, குப்பத்தின் குறுகல் தெருவில் ஊர்வல நடைக்கு ஒரு சுற்று ஓட்டினார்.

"இப்ப பூ மாதிரி இருக்குது" என்றார்.

"அண்ணே, நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் வெச்சுக்கல தம்பி. ஊருதான் வெச்சுக்கிச்சு."

அன்று சாயங்காலமே டீக்கடையில் நின்று, தப்பு காரில்தான், அதைவிடப் பெரிய தப்பு என்னிடம்தான் என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அடடா, நம்ம வாழத்தண்டு மேல தப்பே இல்லியா!" என்றார்கள். நான் விளக்க விளக்க, அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அது தெரிந்ததுதான் மிச்சம்.

சில வருஷம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. அவராகவே அனுப்பியிருந்தார். வீடு மாறியிருந்ததால் குப்பத்தில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சடித்திருந்த அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன். மூன்று பேர் தெரியாது என்றார்கள். மீன்கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று யோசித்தார்.

"கார் ஓட்டறவரா? வாழத்தண்டு ஊடுன்னு கேளுங்க, சின்னப் புள்ளயும் சொல்லும்."

தலையாட்டிவிட்டு அவர் காட்டிய பக்கம் நடந்தேன். வாசலில் இருந்த வாழைமரத்தைத் தாண்டி உள்ளே போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இன்றைக்கும் யாரையாவது பார்த்து நாக்கு நுனியில் ஒரு பெயர் வந்து நின்றால், அந்த உள்ளங்கையின் கனம் என் கைமுட்டியில் தெரிகிறது. பாதி நேரம் வாயை மூடிக்கொள்கிறேன், மீதி நேரத்துக்கு வெட்கப்படுகிறேன்.