அந்த நாலு நம்பர்

நான் ஜார்ஜ்டவுனில் பொம்மை ரயில் விற்கும் கடையில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமைதோறும் கெலுகோரிலிருந்து ஒருவர் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் துண்டில் சுற்றிய சின்ன என்ஜின் இருக்கும். மெல்பர்னுக்குப் போய்விட்ட மகனுடையது.

அந்த வகை என்ஜினுக்கு அதன் சொந்தக்காரர் நாலு இலக்க எண் ஒன்றைக் கொடுத்திருப்பார். ரயிலை ஓட்டும் கைக்கருவியில் அதை அழுத்தினால்தான் ஓடும். மகன் என்ன எண் கொடுத்தான் என்று இவருக்குத் தெரியாது. கடையின் தண்டவாளத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வீட்டு எண், பழைய கார் எண் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். நாலு நம்பர் லாட்டரிக்கு எண் தேடுகிறவர் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

“ரீசெட் பண்ணா உடனே ஓடும் அங்கிள்” என்றேன்.

“ஓடும்லா. அவன் வச்ச நம்பர் அழிஞ்சிடுமே.”

“அவருக்கே போன் போட்டுக் கேக்கலாமே?”

“ரீசெட் பண்ணுங்கப்பான்னு சொல்லிட்டு வச்சிடுவான்.”

ஒருநாள் கேட்டேன்: “உங்க பொறந்த நாளப் போட்டுப் பாத்தீங்களா?”

துடைத்த தண்டவாளத்தையே மறுபடி துடைத்தார்.

“அத மட்டும் போடல தம்பி. போட்டு, ஓடலன்னா?”

அதன் பிறகு அவர் கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அந்த எண்ணை அழுத்திவிடுவாரோ என்று எனக்கும் பயமாக இருந்தது.