கட்டில்லாத முட்டி

அந்தத் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் ஒரு நாளும் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் நாற்காலியில் ஆள் உட்கார்ந்து முகத்தில் நுரை ஏறிவிட்டால் போதும், கால்பந்தைப் பற்றி அவர் வாய் திறந்துகொள்ளும். நுரைக்குள் இருக்கிற முகம் எதிர்த்துப் பேசாது பாருங்கள், அதுதான் வசதி.

அன்று சாயங்காலம் இறுதி ஆட்டம். அவருடைய தம்பி இடது ஓரத்தில் நின்று தடுத்து ஆடுகிறவன். மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவர் சவரத்துக்கு வந்தார். கோச் நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக வைத்தார்.

“இதுதான் என் தம்பி. நேரா ஓடி வந்தா எவனையும் விடமாட்டான். ஆனா ஒரு முட்டி சரியில்ல. அந்தப் பக்கமா பந்தை வெட்டித் திருப்பினா இவனால திரும்ப முடியாது. அதனால நடுவுல நிக்கறவன் பின்னால வந்து காவல் நிக்கணும்.”

“எந்த முட்டிண்ணே?” என்றது நுரை.

“ஆடாதீங்க, கீறிடும்” என்று கோச் தொண்டைப் பக்கம் கத்தியை இறக்கினார்.

சவரம் முடிந்ததும் வந்தவர் மூலையில் கிடந்த பையைத் தோளில் மாட்டினார். பையில் எதிரணியின் கழுகுப் படம். “ஆட்டம் நல்லா தெரியுதுண்ணே உங்களுக்கு. எங்க பசங்ககிட்ட சொல்றேன்.”

கோச் கண்ணாடியில் வைத்த பொட்டுகளை அவசரமாகத் துடைத்தார். தம்பி கேஸ் சிலிண்டர் சுமந்து மாடி மாடியாக ஏறிப் பிழைக்கிறவன். அந்த முட்டி போனால் பிழைப்பே போகும்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி விஷயத்தைக் கேட்டாள். “கடைக்குப் பூட்டு வாங்கும்போதே வாய்க்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம். போய் அவன்கிட்ட சொல்லுங்க.”

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு ஓடினார். உடை மாற்றும் அறையில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான். கோச் நடந்ததை மென்று விழுங்கிச் சொன்னார்.

“இன்னிக்கு ஆடாதடா.”

“நான் உக்காந்தா அந்த இடத்துல நிக்க ஆள் இல்லண்ணே.”

“அப்ப நடுவுல நிக்கறவனைப் பின்னால வரச் சொல்லு.”

“அதையும்தானே சொல்லிக் குடுத்திருக்க?”

கோச் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி முட்டியில் சுற்றிய கட்டைப் பார்த்தான். பிறகு, “எந்தக் காலுன்னு சொன்னியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

தம்பி கட்டை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்து, நல்ல காலை நீட்டினான். “இதுல கட்டு. அந்தப் பக்கமா வந்து ஏமாறட்டும்.”

“கட்டில்லாம அந்த முட்டி தாங்குமாடா?”

“தாங்கலன்னா உன் கடையில உக்காந்து நுரை போட்டுக் குடுக்கறேன்.”

எத்தனையோ தொண்டைகளில் கத்தி வைத்த கை, அந்த ஒரு முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டியது.

ஆட்டம் தொடங்கியது. கோட்டுக்கு வெளியே கழுகுப் பைக்காரர் தன் ஓரத்து ஆளைப் பார்த்து முட்டியைத் தட்டிக் காட்டினார். அவன் முதல் பந்தோடு கட்டுப் போட்ட கால் பக்கமாகவே வெட்டித் திருப்பினான். தம்பி சட்டென்று திரும்பிப் பந்தைப் பறித்துக்கொண்டான். ஊரே கத்தியது.

ஆனால் பந்தை இழந்தவன் ஓடவில்லை. நின்று, தம்பியின் கட்டில்லாத காலை உற்றுப் பார்த்தான்.

“என்ன கோச், இன்னிக்கு வாயையே திறக்கல?” என்றார் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்.

கோச் கூட்டத்தை விலக்கிக் கோட்டருகே போனார். அவர் கண் அந்த முட்டியை விட்டு நகரவில்லை.