ஆயுத பூஜையும் எட்டு ஸ்விட்சும்

எண்பதுகளின் கடைசியில் ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரே பெண் நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மில்லுக்கே தெரியும். அதனால் யாரும் வம்புக்கு வர மாட்டார்கள், நிம்மதி.

நூலை எடை போட்டு, அந்த எடையைப் பிரிண்டருக்கு அனுப்பும் மிஷின் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அண்ணன். பல வருஷம் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமில் கிடந்து, தூசியில் இழுப்பு வந்து, கெஞ்சிக் கூத்தாடி இந்த அறைக்கு வந்தவர். வந்த பிறகுதான் படுத்தால் தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

ஆயுத பூஜை முடிந்து மில் திறந்த அன்று பிரிண்டர் எடையை அடிக்கவில்லை. கேள்விக்குறியும் நட்சத்திரமுமாகக் கக்கியது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிடலாம், அண்ணன் புளோ ரூமுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினேன். பிரிண்டரைக் கண்டபடி திட்டினேன். மிஷினின் பின்பக்கம் போனால், அரிசி அளவில் எட்டு ஸ்விட்ச். எழுத்துகளை எந்த வேகத்தில், எப்படி அனுப்புவது என்பதெல்லாம் அவற்றில் எது மேலே, எது கீழே என்பதில்தான் இருக்கிறது. அன்றைக்கு எட்டும் கீழே பார்த்து ஒரே வரிசையாக நின்றன. பக்கத்தில் சந்தனப் பொட்டு வேறு.

யார் இதைத் தொட்டது என்று அண்ணனைக் கேட்டேன்.

"பூசைக்குத் தொடச்சேன் தாயி. கோணமாணயா நின்னுச்சு. சாமி முன்னால அப்படி இருக்கலாமான்னு நேரா வச்சேன்."

வந்த கோபத்துக்கு அவரை வறுத்தெடுத்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. பாவமாகவும் இருந்தது.

பிரிண்டருக்கும் அதே மாதிரி ஸ்விட்சுகள் உண்டு. மூடிக்குள் இருந்ததால் அவை பூஜைக்குத் தப்பிவிட்டன. ஒருத்தர் சொல்லுகிற வேகத்தில்தானே இன்னொருத்தர் எழுத முடியும்? மூடியைத் திறந்து பார்த்து, முதலில் மிஷினின் வேகத்தைப் பிரிண்டரின் வேகத்துக்குப் பொருத்தினேன். பாதி எண் வந்தது, பாதி கிறுக்கல். ஒவ்வொரு எழுத்தோடும் சரிபார்ப்புக்கு பிட் என்கிற ஒரு சின்னக் குறி கூடுதலாக வரும் என்று பிரிண்டர் காத்திருந்தது; மிஷின் அதை அனுப்பவில்லை. அந்த ஸ்விட்சையும் மேலே தள்ளினேன். எண்கள் சுத்தமாக வந்து விழுந்தன. அடடா, அந்தச் சத்தத்தை எம்புட்டு நேரமும் கேட்கலாம்!

என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். பூஜையில் செட்டிங் ஆடிப்போச்சு என்றேன். தேங்காய் உடைத்ததே அவர்தான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அண்ணனைத் தேடினேன். தூக்குவாளியும் துண்டுமாக, புளோ ரூமுக்குப் போகத் தயாராக வெளியே நின்றுகொண்டிருந்தார். மிஷின் ஓடுகிறது என்று சொன்னதும் என்னையே பார்த்தார்.

"அப்ப நான் அங்க போக வேணாமா தாயி?"

"வேணாம்ணே. உள்ள வாங்க."

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.