ராணிக்கு ஃபாலோ

போரிக் பவுடர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் என் கை ராணியைத் தேடுகிறது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனை "கேரம் கிளப்"பில், கேரம் பலகையின் மேலேயே செஸ் அட்டையை விரித்து ஆடுவோம் என்பதால், எங்கள் ராஜாவும் யானையும் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டுதான் போருக்குப் போகும்.

எட்டாம் வகுப்பில், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. நானா, பக்கத்துத் தெரு ஜெரால்டா என்று முடிவெடுக்க முடியாத பி.டி. சார், ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள் என்று கைகழுவிவிட்டார். ஜெரால்டு முகப்பேரில் செஸ் வகுப்புக்குப் போகிறவன். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். பள்ளியின் பெயர் போட்ட பனியனில் என்னைப் பார்க்க என்னைவிட அப்பாவுக்குத்தான் ஆசை. லேத் பட்டறைக்காரரான அவர் கேரத்தில் புலி. செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது.

கிளப்பில் ஆட்டம் என் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தபோது, ஜெரால்டின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ராணியால் வெட்டி செக் வைத்தேன். அவன் ராஜாவாலேயே ராணியை வெட்டினான். நான் யானையை ஓரத்துக்கு இழுத்து மறுபடி செக் வைத்தேன். அவன் யோசிக்கத் தொடங்கியதுமே அப்பா குறுக்கிட்டார்.

"இன்னா தம்பி, ராணியப் போட்டுட்ட, ஃபாலோ எங்க? போடலன்னா எட்து நடுவுல வையி."

கேரத்தில் ராணி என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டவர் அடுத்ததாகத் தன் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் "ஃபாலோ". தவறினால் சிவப்பு நடுவுக்குத் திரும்பிவிடும். செஸ்ஸில் அதெல்லாம் கிடையாது என்று ஜெரால்டு சொல்லச் சொல்ல, கிளப் மொத்தமும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டது. நான் அப்பாவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விட்டால் போதும் என்று ஜெரால்டு ராஜாவைப் பழைய இடத்துக்கே தள்ளினான். தூரத்தில் நின்ற என் மந்திரியின் காவலோடு யானையை மூலையில் நிறுத்தினேன். மேட்.

பனியன் என்னிடம் வரும் முன்பே கிளப்பைச் சுற்றி வந்துவிட்டது.

கிளப் இருந்த இடத்தில் இப்போது ஓர் அபார்ட்மென்ட்டின் பைக்குகள் நிற்கின்றன. பவுடர் வாசனை போய்ப் பெட்ரோல் வாசனை. போன வாரம் அந்த ஆட்டத்தை நினைவிலிருந்து போனில் போட்டுப் பார்த்தேன். நான் ராணியைக் கொடுத்தது படுமோசமான தப்பு என்று போன் சொன்னது. என் யானைக்கு எதிரே அவன் மந்திரியைக் குறுக்கே வைத்திருந்தால் நான் காலி. கொஞ்சம் தயங்கித்தான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாம்பாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ ராணியத்தாம்மா குட்த்த. ஃபாலோ நாங்க போட்டோம்."