தலையாரியின் தலை

காலை ஏழு மணிக்கு வந்ததும் தலையாரி முதல் வேலையாகக் கருவியைத் தம் வழுக்கையில் வைத்து அழுத்துவார். இடப்பக்கம் நான்கு இடம், வலப்பக்கம் நான்கு இடம். பச்சை எரியும். "மிஷினு நல்லா இருக்கு" என்று வண்டிக்குள் வைப்பார். சோதித்துப் பார்க்க ஒழுங்கான தலை ஒன்று வேண்டும். அவர் நம்பியது தம்முடையதை மட்டும்தான்.

ஆம்புலன்ஸில் அவர் செவிலியர், நான் ஓட்டுநர். கைக்கடக்கமான அந்தக் கருவி மண்டைக்குள் ஒளி பாய்ச்சி இரு பக்கத்தையும் ஒப்பிடும். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் சிவப்பு எரியும். அது வந்த நாளிலிருந்து அவருக்குத் தலையாரி என்று பெயர். ஒரு முடிகூட இல்லாத மனிதரின் சட்டைப்பையில் சீப்பு எப்போதும் இருக்கும். அடிபட்டவர்களின் முடியை வகிர்ந்து கருவியை வைக்கத்தான். அது தெரியாமல் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அடிபட்டவன் எவனும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. எழுந்து நடப்பான், தண்ணீர் கேட்பான், வீட்டுக்குப் போகிறேன் என்பான். தலையாரி மசிய மாட்டார். "வாய் ஆயிரம் சொல்லும். மிஷினு சொல்றதக் கேளு." சிவப்பு எரிந்தால், எரிந்த மணியை அவன் முன்கையிலேயே பேனாவால் எழுதிவிடுவார். காகிதம் தொலையும், கை தொலையாது என்பது அவர் கட்சி.

போன வாரம் வண்டியின் பின்கதவில் மண்டையை நன்றாக இடித்துக்கொண்டார். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். இரண்டு நாளாகத் தலைவலி மாத்திரை போடுவதைப் பார்த்தேன்.

இன்று காலை சிவப்பு எரிந்தது. "மிஷினு கெட்டுப்போச்சு" என்றார். துடைத்தார், பேட்டரியை மாற்றினார். மறுபடியும் சிவப்பு. பழுது பார்க்க அனுப்பச் சீட்டும் எழுத உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

என் தலையில் வைத்துப் பாருங்கள் என்றேன். வேண்டாவெறுப்பாகச் சீப்பை எடுத்து என் முடியை வகிர்ந்தார். எட்டு இடத்திலும் வைத்து முடித்தார். பச்சை.

சாயங்காலம் டூட்டி முடிந்து போய்க் காட்டிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் மனைவி கேட்டால் பயந்துவிடுவாளாம்.

"அண்ணே, வாய் ஆயிரம் சொல்லும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. பேனாவை எடுத்துத் தம் இடது முன்கையில், முதல் சிவப்பு எரிந்த நேரத்தை, ஏழு ஐந்து என்று எழுதினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.