சிரிப்புப் படத்து அத்தை

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு தையல் அறை உண்டு. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அவள் அங்கேதான் வேலை பார்த்தாள். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது, நோயாளிகளின் அங்கியில் அறுந்துபோன நாடாவை வைத்துத் தைப்பது, தலையணை உறைகளின் ஓரத்தை மடித்து அடிப்பது. அறைக்கு இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்துக் கூடத்து நீராவியில் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். கூட வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் அவள் அத்தைதான். அவளைவிட வயதில் மூத்த இஸ்திரிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மனித உடம்பு துணியில் என்னென்ன விட்டுப்போகும் என்று தினமும் பார்த்துப் பார்த்து, பிறர் உட்கார்ந்த இடத்தில் உட்கார அவளால் முடியாமல் போயிற்று. எங்கே போனாலும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருமுறை பஸ்ஸில் சீட்டுகளுக்கு நடுவே அதை விரித்து உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் வந்து, "என்னம்மா இது?" என்றார்.

"நாற்காலி."

"இதுக்கு டிக்கெட் எடுக்கணும்."

"நான் உங்க சீட்டுல உக்காரலையே. அப்ப எனக்கு டிக்கெட் வேணாம், நாற்காலிக்கு மட்டும் குடுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நியாயம் பேசியதாகவே கடைசிவரை நினைத்தாள்.

புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள். மகளை ஆளாக்கிக் கல்யாணமும் செய்து கொடுத்தாள். மகளுக்கு முதல் பிரசவத்தில் குழந்தை இறந்து பிறந்தது. வார்டில் மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, மனசில் பட்டதை அத்தையின் வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. "பஸ்ஸுல அலையாம வீட்டோட இருந்திருந்தா பிள்ளை தங்கியிருக்கும்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வீட்டுக்குப் போனபின் அம்மாவின் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் புருஷனுக்கு வேலை மாற்றம் வாங்கிக்கொண்டு இருவரும் தூரத்து ஊருக்குப் போய்விட்டார்கள்.

சில வருஷம் கழித்து அத்தை தன் அண்ணன் மகனைக் கூப்பிட்டாள். அப்போது அவன் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து, வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தான். ஒரு பழைய கார் வைத்திருந்தான்.

"என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போறியா? பெட்ரோல் நான் போடுறேன்."

அந்தப் பயணத்தில் நடந்தவை எல்லாம் உண்மையாகவே சிரிக்க வேண்டியவைதான். கார் சீட்டின் மேல் விரிப்பைப் போட்டு நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினாள். அவன் ஓட்ட ஓட்ட, வண்டிச் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று நிறுத்தச் சொல்லி இறங்கி உதைத்துப் பார்த்தாள். சாப்பாட்டுக் கடை முன்னால் நாற்காலியை விரித்து உட்கார்ந்தவளைக் கடைக்காரி என்று நினைத்து ஒருவர் சில்லறை கேட்டார். அவளும் மாற்றிக் கொடுத்தாள். பாலத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, கையோடு தைத்துக் கொடுத்த பிறகுதான் வண்டியில் ஏறினாள். அண்ணன் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

மகள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. மணியடித்ததும் அவளே கதவைத் திறந்தாள்.

"வாங்க" என்று சொல்லவில்லை. "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவை 'நீ' என்றே கூப்பிட்ட பெண். அந்த 'வந்தீங்க' அத்தையின் காதில் விழுந்ததும் கை படியின் கம்பியைத் தேடியது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டீங்கல்ல."

உள்ளே போய் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று குடித்தார்கள். தம்ளர்களை வாங்கிக்கொண்டு, அண்ணன் மகனிடம், "பாத்து ஓட்டிட்டுப் போ" என்றாள். கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான். திரும்பி வந்த வழி முழுக்க அத்தை வண்டியை எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

அண்ணன் மகன் பிறகு அதைப் படமாக எடுத்தான். கேட்டுக்கொண்டுதான் எடுத்தான். அத்தை, "என்னை அழுமூஞ்சியாக் காட்டிடாதே" என்று மட்டும் சொன்னாள். அவனும் காட்டவில்லை. படத்தில் அத்தை வீட்டுக்குள் நுழைகிறாள், மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறாள், பின்னால் ஒரு பாட்டு. படம் ஓடு ஓடென்று ஓடியது. தையல் அறையிலிருந்தும் சலவைக்கூடத்திலிருந்தும் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். அண்ணன் மகனோடு அத்தையும் போனாள். தியேட்டர் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் கூடினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி இல்லாமல் வந்தால், "நாற்காலி எங்கே அத்தை?" என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது. டிவிக்காரர்கள் கூப்பிட்டபோது புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். பேட்டி எடுத்த பெண் கடைசியில் கேட்டாள்: "மக இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. வாராவாரம் பேசுவா" என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் தையல் மிஷினில் இருந்தபோது போன் வந்தது.

"நான் எப்ப வாராவாரம் பேசினேன்?"

அத்தை மிஷினை நிறுத்தினாள். "வாய் தவறி வந்துருச்சும்மா."

"உங்களுக்கு எப்பவும் வாய்தான் தவறும்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது தப்பு. அதச் சொல்லத்தான் அங்க வந்தேன். வாசல்ல வாய் வரல."

"டிவில பாத்தேன், காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று மகள் கேட்டாள். கேட்ட வேகத்தில் வைத்துவிட்டாள். அத்தை திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் எல்லாரிடமும் சொன்னாள். "படத்துல வர்ற மாதிரி இல்ல. அவ என்னை உள்ளயே கூப்பிடல. தண்ணி குடுத்து அனுப்பிட்டா."

ஒரு கணம் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இஸ்திரிக்காரர்தான் முதலில் சிரித்தார். "ரெண்டு தம்ளர் தண்ணிக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றார். அத்தை அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்து மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தை சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். போட்டோவுக்கு நிற்பதையும் விட்டாள். பேர் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மகள் சொன்னாளே என்று டாக்டரிடம் போனாள். சிறுநீரகம் கெட்டிருந்தது. நாள் கடந்திருந்தது. வேலையை விட்டு அண்ணன் மகன் வீட்டில் வந்து இருந்தாள். அவன் இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தான்.

"இதுல அந்தக் கதவ வை" என்றாள் ஒருநாள்.

"சிரிப்புப் படம் அத்தை. யாரு பாப்பாங்க?"

"அவ பாப்பா."

அந்தப் படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. பாதியிலேயே நின்றுபோனது.

மகள் அதற்குப் பிறகு இரண்டொரு தடவை கூப்பிட்டாள். மாத்திரை சாப்பிட்டாயா, உப்பைக் குறைத்தாயா என்பதோடு சரி. வருகிறேன் என்று ஒருமுறை சொன்னாள். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்தபின் மகள் அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா படத்தப் பாத்துச்சா?" என்று அண்ணன் மகனிடம் கேட்டாள்.

"பாத்தாங்க. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

"அந்தக் கட்டிப்பிடிக்கிற எடம் வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

அண்ணன் மகன் யோசித்தான். அந்த நேரத்தில் அவன் ஜனங்கள் அழுகிறார்களா என்று பார்க்க முன்வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியல. நான் அவங்களப் பாக்கல" என்றான்.

மகள் தலையை ஆட்டினாள். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.